இறங்காத தந்தி

“…அதெல்லாம் மற்ற ஆக்களுக்குத் தம்பி. என்ர தந்தி ஒருநாளும் இறங்கினதில்லை. இறங்கின மாதிரிக் கேட்டுதெண்டா, அது கேட்ட ஆளின்ர காதுப் பிழை.”

சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமை மதியம். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மடக்கு நாற்காலிகளுக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கும் நடுவே, டாக்டர் வத்சலா மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ராம்கி. அவன் கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டியூனர். துணிக் கிளிப் மாதிரி அதைக் கிட்டாரின் தலையில் கவ்வ விட்டால், தந்தி சுருதியில் இருக்கும்போது பச்சையாக எரியும். இல்லையென்றால் சிவப்பு.

“இல்ல ஆன்ட்டி, கூட்டம் ஜாஸ்தி, ஒரே சூடு. தந்தி லேசா எறங்கியிருக்கும். ஒரு தடவ செக் பண்ணிட்டா…”

“ஆன்ட்டியோ? உமக்கும் எனக்கும் என்ன அவ்வளவு வயசு வித்தியாசம்?”

ராம்கி என்னைப் பார்த்தான். “அண்ணா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் சாப்பிட வைத்திருந்த ரோல்ஸ் தட்டைப் பார்த்தேன். டாக்டர் வத்சலாவிடம் ‘உங்கள் மேல் தவறு’ என்று நான் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த வீரம் எனக்கு மறுபடி வரவில்லை.

அறையின் மூலையில் சிவநேசன் அண்ணன் நின்றிருந்தார். கோட் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஹாலில் அவர் மனைவி கமலா அக்காவின் அறுபதாவது பிறந்தநாள். அடுத்து அவர் பாட வேண்டும். பாடப்போவது கமலா அக்காவுக்குத் தெரியாது. பாட முடியுமா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பக்கத்து சீட்டில் இருந்து

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு: நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மெரிலேண்ட்ஸ் பக்கம் மஞ்சள் ‘எல்’ அட்டை மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று வலது பக்கம் சிக்னல் போட்டுவிட்டு நேராகப் போனால், பக்கத்து சீட்டில் இருப்பது நான்தான். ஓட்டுகிறவர்கள் பயத்தில் பேசுவார்கள். பயந்தவர்கள் பேசும் பேச்சுக்கு ஈடு கிடையாது. “அண்ணா, கண்ணாடியப் பாத்தா ரோடு தெரியல, ரோட்டப் பாத்தா கண்ணாடி தெரியல. என் மாமியாரையும் வீட்டுக்காரரையும் ஒரே நேரத்துல பாக்கற மாதிரி இருக்கு” என்றார் ஒரு நர்ஸ். இன்றுவரை பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாமியார் தெரிகிறார்.

போன வாரம் ரவுண்டபவுட் என்ற வட்டச் சந்திப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் அழைத்தார். “ரோடு போதும் சார். உங்களுக்குக் கிட்டார் தெரியுமாமே? பிடித்த கிட்டார் கலைஞர்களைப் பற்றி எழுதுங்களேன்.”

கிட்டார் தெரியும் என்பது அவருடைய பெருந்தன்மை. பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் வாங்கியது. நானே உட்கார்ந்து நானே பழகினேன். மூன்று கார்ட், அதாவது மூன்று ஸ்வரக் கூட்டு, வரும். அதிலும் ஒன்று, குளிர்காலத்தில் வராது. ஆசிரியர் உலகப் புகழ் பெற்றவர்களின் பெயர்களை எதிர்பார்த்திருப்பார். நான் ஹரிஸ் பார்க்குக்கு அப்பால் இருக்கும் உலகத்தை அதிகம் கேட்டவனில்லை. எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரையும் காரில் இருபது நிமிடத்தில் போய்ப் பார்த்துவிடலாம், ட்ராஃபிக் இல்லாவிட்டால்.

முதலாவது ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பரமட்டா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். தாடியில் பாதி புகையிலை நிறம். அவர் கிட்டாரில் ஒரு தந்தி கிடையாது. அறுந்ததா, அவரே கழற்றினாரா தெரியாது. அந்தத் தந்தியின் ஸ்வரம் வரவேண்டிய இடம் வந்தால், வாசிக்க மாட்டார். தலையை மட்டும் ஒருமுறை ஆட்டுவார். கேட்கிற எனக்கு அந்த ஸ்வரம் கேட்டுவிடும்.

“புதுத் தந்தி போடலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எதுக்கு? அதை இப்போ நீ வாசிக்கிறியே,” என்றார்.

அதற்குப் பிறகு நான் போகவேண்டிய ரயில் போய்விட்டது. வருத்தமில்லை.

பெடல் ராம்கி

ராம்கி பிளாக்டவுனில் ஐ.டி.காரன். அவன் வீட்டு கராஜுக்குள் கார் போய்ப் பல காலம் ஆகிறது. தரையில் கம்பளம். கம்பளத்தின் மேல் வரிசையாகப் பெடல்கள், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி விளக்கு மினுக்கிக்கொண்டு. காலால் ஒன்றை மிதித்தால் கிட்டார் குகைக்குள் இருந்து கேட்கும். இன்னொன்றை மிதித்தால் கோயில் குளத்துக்குள் இருந்து. எல்லாவற்றையும் மிதித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

அவன் மனைவி சொல்லுவாள்: “இவரு சவுண்டு செட் பண்ணி முடிக்கறதுக்குள்ள நான் பிரியாணிக்குத் தம் போட்டு எறக்கிடுவேண்ணா. பாட்டு வரும்போது ஏப்பம் வந்துடும்.”

சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒரு சாயங்காலம் அவன் எல்லாத் திருகுகளையும் திருகி முடித்து, ஒரே ஒரு தந்தியை விரலால் மேலே தள்ளிப் பிடித்தான். அந்த ஒற்றை ஸ்வரம் கராஜுக்குள் எழுந்து, கூரைத் தகரத்தைத் தடவி, இறங்க மனமில்லாமல் நின்றது. அடுத்த வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அந்த ஒன்றைத் தேடித்தான் இவ்வளவு திருகலும் என்று அன்று புரிந்தது. நேரம் தவறாமல் வாசிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தனக்கு வேண்டிய ஓசை கிடைக்கும்வரை சபையைக் காக்கவைக்கத் துணிந்தவன் அவன் ஒருவன்தான்.

மூன்று நிமிடத்தில் முடிப்பவன்

ஜெகன் வேறு ஜாதிப் பறவை. இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்காளர். ஐந்து நிமிடப் பாட்டை மூன்று நிமிடத்தில் முடிப்பான். பாடுகிறவர் மிச்ச இரண்டு நிமிடமும் பின்னால் ஓடிவர வேண்டும்.

“கொஞ்சம் மெதுவா வாசிக்கலாமேப்பா?”

“மெதுவாத்தான் அங்கிள். திஸ் இஸ் மை ஸ்லோ.”

அவன் அம்மா பெருமையாகச் சொல்வார்: “பிள்ளை வாசிச்சா தையல் மெசின் ஓடுற மாதிரி.” குறை சொல்வதற்காகச் சொன்னாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த வேகத்தில் ஒரு ஸ்வரம்கூட இன்னொன்றின் மேல் விழாது. கடுகு தாளிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அத்தனையும் ஒன்றாக வெடித்தாலும் ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகத்தான் கேட்கும். ஜெகனின் விரல்கள் அப்படி. அவனை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். திறந்து பார்த்தால் தலை சுற்றும்.

‘ப…’

இப்போது சிவநேசன் அண்ணன்.

மேற்கு சிட்னியில் நடக்கும் எந்தத் தமிழ் விழாவிலும் மைக் பிடிப்பவர் அவர்தான். பிடித்தால் விட மாட்டார். ‘அன்பும் பண்பும் அறிவும் ஆற்றலும்’ என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு ஹாலில் சாம்பார் ஆறிவிடும். ‘இந்த மனிசன் ஒருநாளைக்கு வாயை மூட மாட்டாரோ’ என்று வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

மூடினார். ஸ்ட்ரோக்.

கையும் காலும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டன. சொற்கள் திரும்பவில்லை. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது. வாய்க்கு முதல் எழுத்து மட்டும் வருகிறது. மிச்சம் வர நேரம் எடுக்கிறது. அதுவும் நிறைய நேரம் இல்லை. நான் கவனித்திருக்கிறேன், ஒரு சிவப்பு சிக்னல் நேரம்கூட ஆகாது.

ஆனால் அந்த நேரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாம்பார் ஆறுகிறது என்று புலம்பிய அதே ஜனத்துக்கு, இன்று அவர் முன்னால் மூன்று விநாடி மௌனம் தாங்கவில்லை. அவர் ஒரு எழுத்தைச் சொன்னால் போதும், நாலு பேர் மிச்சத்தை முடித்துக் கொடுப்பார்கள். எல்லாம் அன்பினால்.

கோயில் அன்னதானத்தில் பார்த்தேன். பரிமாறுகிறவரைப் பார்த்து அண்ணன் “ப…” என்றார்.

“பருப்போ அண்ணை?” ஒரு கரண்டி விழுந்தது.

“ப…”

“பப்படம் கேக்கிறார், பப்படம்!” அதுவும் விழுந்தது.

“பாயாசம், பாயாசம் குடுங்கோ, பாவம்.”

தட்டு நிறைந்து வழிந்தபோது அவர் ஒருவழியாகச் சொல்லி முடித்தார்: “பசிக்கேல்லை.”

எல்லாரையும்விட வேகமாக முடித்துக் கொடுப்பவர் கமலா அக்கா. எத்தனை வருடத் தாம்பத்தியம்! அண்ணன் வாய் திறக்கும் முன்பே அக்கா பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் கொடுமை. சரியாக இருப்பதால் அண்ணன் மெல்ல மெல்ல முதல் எழுத்தையும் சொல்லாமல் விட்டுவிட்டார். விழாக்களுக்கு வருவதையும் விட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் அவரைப் பாடச் சொன்னாளாம். பேசும்போது வராத சொல் பாடும்போது வந்தது. அப்படிச் சிலருக்கு வருமாம். அன்றைக்குத் தீர்மானித்தார்: கமலாவின் அறுபதுக்கு ஒரு பாட்டு. இளவயதில் அக்காவின் வீட்டுப் பக்கமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் பாடிய பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் ஃபோனில் தேடிக் கேட்கப் போய்விடுவீர்கள், என் அத்தியாயம் அநாதையாகக் கிடக்கும். நமக்குத் தேவை ஒரே ஒரு விவரம்தான். இரண்டாம் சரணத்தில் ஓர் அடி ‘இன்னும்’ என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது. பாட்டு முழுக்க வந்தது. அந்தச் சொல்லில் மட்டும் விழுந்தார். ஒவ்வொரு தடவையும்.

கராஜில் ஒரு தோல்வி

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மறுபடி கார் ஓட்ட அவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. நான்தான் கொடுத்தேன். அந்தச் சாக்கில் ஒத்திகைக்கும் போய் வந்தோம். பயிற்சி முடிந்து நேராக ராம்கியின் கராஜ். ராம்கியும் ஜெகனும் இரண்டு பேருமே வாசிக்கச் சந்தோஷமாகச் சம்மதித்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அதில் சந்தேகமே இல்லை.

அண்ணன் பாடினார். முதல் சரணம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் சரணம். “இ…” என்று நின்றார்.

ஜெகனின் விரல் சும்மா இருக்குமா? அந்த இடைவெளிக்குள் ஒரு மழையே பெய்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அது ஓய்ந்ததும் ராம்கி ஒரு பெடலை மிதித்தான். கராஜ் முழுக்க மேகம் சூழ்ந்தது.

“இ…”

“இன்னும் அங்கிள்! ‘இன்னும்’!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள்.

“கேப் விட்டா ஆடியன்ஸுக்கு போரடிக்கும் அங்கிள், அதான் ஃபில் பண்றன்,” என்றான் ஜெகன். “பேசாம ட்ராக் போட்டு, அங்கிள் குரலை முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டா? அங்கிள் வாய மட்டும் அசைச்சாப் போதும்,” என்றான் ராம்கி.

அண்ணன் வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது என் காரில், டிரைவர் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் அணைந்திருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தேன். என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்ற ஒரே வித்தை அது.

“இது… போச்செண்டா…” என்றார். காத்திருந்தேன். “இனி… வீடுதான்.”

ரவுண்டபவுட்டைப் பிழையாகக் கட்டியவர்கள்

அப்போதுதான் எனக்கு டாக்டர் வத்சலாவின் நினைவு வந்தது.

வத்சலா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். லண்டனில் இருந்து சிட்னிக்கு வந்த புதிதில் என்னிடம் கார் பழகினார். டெஸ்டில் தவறினார். ரவுண்டபவுட்டில் வலது பக்கம் வந்த காருக்கு வழி விடவில்லை.

“உங்க மேலதான் தவறு டாக்டர்,” என்றேன். முன்பு சொன்ன அந்த ஒரே ஒருமுறை அதுதான்.

“என்ன கதை கதைக்கிறீர்? அந்த ரவுண்டபவுட்டைப் பிழையான இடத்தில கட்டி வைச்சிருக்கினம்.”

அடுத்த டெஸ்டிலும் தவறினார். அந்தத் தடவை பிழை, பரீட்சை வைத்தவருடைய மூக்குக் கண்ணாடியில்.

அவருக்குக் கிட்டார் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மருத்துவம் படித்த நாளில் விடுதியில் பழகியதாம். ஆனால் அவரை எந்த இசைக்குழுவும் கூப்பிடுவதில்லை. முன்பு கூப்பிட்டவர்கள் எல்லாரும் மிக்க மரியாதையோடு வழியனுப்பிவிட்டார்கள். காரணம், பாட்டு நடுவில் யாராவது தப்பாகப் பாடினால் வாசிப்பதை நிறுத்துவார். மைக்கை இழுப்பார். “நீங்கள் பிழை விட்டிட்டீங்கள். திரும்பத் துவங்குங்கோ” என்பார். நானூறு பேர் முன்னால். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை மூன்று தடவை திரும்பப் பாட வைத்தார். சித்தப்பா அதன் பிறகு பெர்த்துக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்வி.

ஆனாலும் நான் அவர் வாசித்துக் கேட்டவன். அவர் முன்னால் வர மாட்டார். பாடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நிற்பார்; அவர் வாத்தியமும் அப்படியே. அந்த ஞாபகத்தில்தான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெரிலேண்ட்ஸில் அவர் வீட்டுச் சமையலறை, அவர் மொழியில் குசினி. மேசையில் பாதி உரித்த வெங்காயம். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். “பாடுங்கோ,” என்றார். வேறு விசாரணை இல்லை.

அண்ணன் பாடினார். வத்சலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார். மூச்சு ஏறும்போது விரல் தந்திக்கு மேல் வந்தது. சொல் வெளியே வந்ததும் தொட்டது. தாளத்தைக்கூடக் காலால் தட்டவில்லை. அண்ணனின் மூச்சிலேயே வைத்திருந்தார்.

“இ…”

வத்சலா கையை எடுத்தார்.

ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜ் முனகியது. யாரோ தெருவில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். எனக்கே ‘இன்னும்’ என்று கத்த வேண்டும் போல நாக்கு துடித்தது. காரில் எனக்கென்று ஒரு பிரேக் இருக்கிறது. அதன் மேல் கால் இருக்க வேண்டும், மிதிக்கக் கூடாது. இத்தனை வருடம் இதைத்தான் செய்கிறேன், இருந்தும் அன்று முடியவில்லை, வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“…ன்னும்,” என்றார் அண்ணன்.

அவர் சொல்லி முடித்த அந்த இடத்தில், கீழே ஒரு கார்ட் வந்து உட்கார்ந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பாட்டு முடிந்ததும் வத்சலா சொன்னார்: “மூண்டாவது அடியில சுருதி பிழை. திரும்பப் பாடுங்கோ.”

நான் பதறிவிட்டேன். இப்போதுதான் எழுந்து நிற்கிற மனுஷன்! ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தால், அதில் சிரிப்பு. ஸ்ட்ரோக் வந்த நாளில் இருந்து எல்லாரும் அவருக்குச் ‘சூப்பர் அண்ணை’தான் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பிழை விடக்கூடிய ஒரு ஆள் என்று நடத்தியவர் இவர்தான் முதல்.

கிளம்பும்போது கேட்டேன், “அந்த இடத்தில எப்படி டாக்டர் சும்மா இருந்தீங்க?”

“அதுதானே தம்பி என்ர வேலை. ஆளை உறங்க வைக்கிறது பெரிய காரியமில்லை. எழும்பும் வரைக்கும் பக்கத்தில இருக்கிறதுக்குத்தான் டொக்டர் வேணும். அவசரப்பட்டுத் தட்டி எழுப்பினா, எழும்புற ஆள் பயந்து போவார்.” பிறகு, நான் நெகிழ்ந்துவிடக் கூடாது என்பதைப் போல, “நீர் பிடிச்சு வைச்சிருக்கிறது என்ர வெங்காயம்,” என்றார்.

ஒத்திகைகள் தொடர்ந்தன. கமலா அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் என்னை மறித்தார். “முப்பது வருசம் கார் ஓடின மனிசன். இவ்வளவு நாளாப் பழக்கிறீங்கள். என்ன, புதுசா றோட்டுப் போடுறீங்களோ?”

மறுபடி ஹால்

அண்ணன் மேடைக்கு வந்ததும் ஹாலில் ஒரு ‘ஐயோ பாவம்’ எழுந்து அடங்கியது. கமலா அக்கா முதல் வரிசையில் பாதி எழுந்துவிட்டார், ஏதோ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று. மேடையில் அண்ணனின் பக்கத்தில் கிட்டாரோடு உட்கார்ந்த வத்சலா, இருங்கோ என்று அக்காவுக்குக் கையைக் காட்டினார். சவுண்ட் மேசையில் ராம்கி. அவன் பக்கத்தில் ஜெகன், விரல்களை மேசையில் தட்டிக்கொண்டு. மேடையோரம் நான்.

முதல் அடியிலேயே கமலா அக்கா உட்கார்ந்துவிட்டார். வாயில் சேலைத் தலைப்பு.

பாட்டு வந்தது. அந்தக் காலத்துக் குரலில் பாதிதான். ஆனால் சொற்கள் முழுசாக, ஒன்றன் பின் ஒன்றாக, அவருடையவையாக வந்தன. முதல் சரணம் முடிந்தது. ஹாலில் சிலர் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அங்கேதான் திக்கென்றது. குசினியில் நாங்கள் மூன்று பேர்தான். இங்கே எல்லாருக்கும் இந்தப் பாட்டுத் தெரியும்.

இரண்டாம் சரணம்.

“இ…”

நின்றார்.

வத்சலா கையை எடுத்தார். மௌனம். ஒரு விநாடி. ஹால் முழுக்க முகங்கள் முன்னால் சாய்ந்தன. வாய்கள் திறந்தன. ‘இன்னும்’ என்ற சொல் அத்தனை நாக்கின் நுனியிலும் ஏறி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். எல்லார் முகத்திலும் அன்பு. முதல் வரிசையில் கமலா அக்காவின் உதடு குவிந்துவிட்டது. அண்ணனும் அதைப் பார்த்துவிட்டார். அவர் கண் மேடைப் படிக்கட்டைத் தேடியது. காருக்குள் உட்கார்ந்திருந்த அதே முகம்.

அப்போது வத்சலா மைக்கை இழுத்தார்.

எனக்கு உயிர் போய்விட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா நினைவுக்கு வந்தார். ‘நீங்கள் பிழை விட்டிட்டீங்கள்’ என்று இவர் இப்போது சொன்னால், அண்ணன் இனி வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். நான் மேடையில் ஒரு கால் வைத்துவிட்டேன்.

“மன்னிக்க வேணும்,” என்றார் வத்சலா. “என்ர தந்தி இறங்கிட்டுது.”

ஹால் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு வெடித்தது. அவரிடம் ‘பிழை’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மேற்கு சிட்னியில் கொஞ்சமா? பின்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்று கைதட்டினார். “டொக்டர், திரும்பத் துவங்குங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். சவுண்ட் மேசைக்கு மேலே ராம்கியின் தலை உயர்ந்தது. வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும் வெற்றியின் ஒளி அந்த முகத்தில் இருந்தது.

‘இன்னும்’ என்ற சொல் யார் ஞாபகத்திலும் இல்லை.

வத்சலா யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது தந்தியை முறுக்கும் கீயைத் திருகினார். சரியாக இருந்த தந்தி, மைக் முன்னால், முனகிக்கொண்டு இறங்கியது. பிறகு அதை மெல்ல ஏற்றினார். மெல்ல. அவ்வளவு மெல்ல ஒரு தந்தியை யாரும் ஏற்றி நான் பார்த்ததில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் இறங்கியது. நெஞ்சு ஏறியது.

“இன்னும்,” என்று பாடினார்.

அந்தச் சொல்லுக்கு அடியில் கார்ட் வந்து உட்கார்ந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. கமலா அக்கா மேடைக்கு வந்து எதிரே நின்றார். அண்ணன் அவரைப் பார்த்து, “க…” என்றார்.

அக்காவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அவர் காத்திருந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவை. ஹாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நாற்காலிகளில் சில கைக்குட்டைகள் தயாராயின.

“க… கதிரை,” என்றார் அண்ணன். பாவம், கால் வலித்திருக்கிறது. உட்கார ஒரு நாற்காலி வேண்டும் அவருக்கு.

அக்கா சிரித்த சிரிப்பில் அவருடைய அறுபதும் பறந்துவிட்டது. நான் கதிரை கொண்டுவந்து போட்டேன்.

மேடைக்குப் பின்னால் அதே சின்ன அறை. அண்ணன் கதிரையில், கையில் கடித்த ரோல்ஸோடு. வத்சலா கிட்டாரைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். ராம்கி வந்துவிட்டான். கையில் டியூனர்.

“ஆன்ட்டி, நான் அப்பவே சொன்னேன்ல? சூட்டுக்கு எறங்கும்னு. எல்லாருக்கும் எறங்கறதுதான். இத நீங்களே வெச்சுக்கங்க.”

வத்சலா நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அந்த வாய் அப்படித் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்; ரவுண்டபவுட்டுகள் இடம் மாறும்.

கதிரையில் இருந்து அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், ரோல்ஸை மெல்லாமல்.

வத்சலா வாயை மூடினார். டியூனரை வாங்கி, கிட்டாரின் தலையில் மாட்டினார். ஒவ்வொரு தந்தியாகத் தட்டிக் காட்டினார். ஆறும் பச்சை.

“பாத்தீங்களா, இப்ப கரெக்டா இருக்கு,” என்றான் ராம்கி.

“ஓம் தம்பி,” என்றார் டாக்டர் வத்சலா. டியூனரைக் கழற்றாமல், அப்படியே கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.